மைக்கும் பொறுமையும்

இன்று அலுவலக விழாவில் வரவேற்புரை சொல்ல வந்த, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான கௌர்னா மக்களைச் சேர்ந்த இளைஞர், தன் மொழியில் பேசிக்கொண்டே வந்தவர், ஒரு சொல்லில் நின்றுவிட்டார்.

கண்ணை மூடினார். உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். அப்புறம் அந்த வரியை முதலிலிருந்து சொன்னார்.

மைக் பிடித்தவர்களிடம் இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததே இல்லை.

இந்த அடிலெய்ட் நகரம் எழுந்ததே கௌர்னா மக்களின் நிலத்தில்தான். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி ஆள் என்று சொல்லப்படும் இவரிட்ஜி 1929-ல் காலமானார். அதன்பின் மிஞ்சியதில் பெரும்பகுதி, இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் 1840-ல் அச்சிட்ட இலக்கணமும் சொல்தொகுப்பும்தான்.

மதம் மாற்ற வந்தவர்கள் எழுதி வைத்தது! வரலாற்றுக்குக் குசும்பு ஜாஸ்தி.

அதை வைத்துக்கொண்டு 2002-ல் லூயிஸ் ஓப்ரையன், அலித்யா ரிக்னி என்ற கௌர்னா மூத்தோர் இருவரும் ராப் அமெரி என்ற மொழியியலாளரும் சேர்ந்து அந்த மொழியை மீட்டெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். இடம் அடிலெய்ட் பல்கலைக்கழகம்.

எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடுதான். பொதுவாக ஆய்வாளர் வருவார், கேட்பார், பதிவு செய்வார், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே பல்கலைக்கழகத்துக்காரர் மேசையின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பூங்காவுக்கோ கட்டடத்துக்கோ கௌர்னா பெயர் வேண்டுமென்றால் அந்தக் குழுவிடம் போய்க் கேட்கிறார்கள்.

இலக்கணம் தெரிந்தவர் யோசனை சொல்லலாம். சரி என்று சொல்ல வேண்டியவர்கள் கௌர்னா மக்கள்.