மேஜர் நெல்சன்

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியதில் மைக்ரோசாஃப்ட்டின் வீடியோ கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் பற்றிய பாட்காஸ்ட் கோப்புகள் கொஞ்சம் கிடைத்தன. டவுன்லோடு ஆக ஒரு ராத்திரி பிடிக்கும் காலம் அது. ஒன்றை ஓடவிட்டால் அதே குரல், ‘மேஜர் நெல்சன்’.

நிஜப் பெயர் லாரி ஹ்ரிப். வானொலியிலிருந்து மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்தவர். அந்தப் பட்டப்பெயர் ஒரு பழைய அமெரிக்க டிவி தொடரில் வரும் விண்வெளி வீரருடையது. 2023 ஜூலையில் சுமார் இருபது வருட வேலையை முடித்துக்கொண்டு ரசிகர்களிடம் விடைபெற்றார். அன்றைக்கு, நேரில் பார்த்தேயிராத ஒருவருக்காக எனக்கு என்னவோ போல் இருந்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

அவர் பார்த்தது கம்யூனிட்டி மேனேஜர் வேலை, அதாவது கம்பெனிக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது. மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. கேமை உருவாக்குவது யாரோ. சர்வர் படுத்தால் திட்டு மட்டும் இவருக்கு. எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பெட்டிகள் செத்த கதை ஞாபகம் இருக்கிறதா? 2007-இல் மைக்ரோசாஃப்ட் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. ஊரே கொதித்த அந்த நாட்களிலும் ரசிகர்கள் முன்னால் நின்ற முகம் இவருடையது. பதில் தெரிந்திருந்தாலும் கம்பெனி சொல்லச் சொன்னதைத்தான் சொல்ல முடியும். எனக்கெல்லாம் ஒரு வாரம் தாங்காது.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. 2024-இல், கேம் உருவாக்கும் மென்பொருள் கம்பெனியான யூனிட்டியில் சேர்ந்தார். அங்கேயும் கிடைத்தது அதே மத்தளம்தான்!

சரி, இன்னும் பதினோரு கோப்பு பாக்கி இருக்கிறது. இன்றைக்குத் தூக்கம் போச்சு.