சைக்கிளை விட்டு இறங்குவதும் நீதிக் கோட்பாடும்

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு என்னும் நூல், தம் நிலை இன்னதென்று அறியாத மனிதர்கள் கூடி, எல்லாருக்கும் ஏற்ற விதிகளைத் தேர்ந்தெடுப்பதாகக் கற்பனை செய்துகொண்டு தொடங்குகிறது. அக்கற்பனையின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே கூடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் சமமான மனிதர்களாக முன்பே ஏற்றுக்கொண்டவர்கள். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்திலுள்ள காப்பார் தோட்டப்புறத்தில் வாழும் எனக்கு, அந்த ஏற்பு எப்போது, யாருக்குக் கிடைத்தது என்பதே முதல் கேள்வியாகப் படுகிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். துரையோ, தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். சம்பளக் கோரிக்கையை, எதை யாருக்கு எவ்வளவு பகிர்வது என்று பேசும் பங்கீட்டு நீதிக்குள் அடக்கிவிடலாம். சைக்கிள் கோரிக்கையை அடக்க முடியாது. பங்கு கேட்கத் தகுந்த ஆளாகத் தம்மை மதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அரசாங்கம் படையை அனுப்பியது. தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்த இடத்தை அரசியல் தத்துவத்துக்குச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர், ஜமைக்காவில் வளர்ந்த தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ். சமூக ஒப்பந்தம் என்று புகழப்பட்டது வெள்ளையர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்றும், மற்றவர்கள் முழு மனிதராக எண்ணப்படாமல் அதற்குக் கீழே வைக்கப்பட்டார்கள் என்றும் 1997இல் அவர் வாதிட்டார். அப்படிப் பார்த்தால் இனப்பாகுபாட்டை நல்ல கொள்கையிலிருந்து சிலர் வழுவியதால் நேர்ந்த விபத்தாகக் கருத முடியாது. நவீன அரசின் அடித்தளத்திலேயே அது இருக்கிறது.

அவருடைய கறுப்பு வெள்ளைக் கணக்கை அப்படியே இங்கே இறக்கிவிடவும் இயலாது. கிராணி பல தோட்டங்களில் மலையாளியாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் சாதியும் கப்பலேறி வந்திருந்தது. இதையும் சேர்த்து எழுதும் பொறுப்பு நம்முடையது.

மில்ஸ் பின்னாளில் வலியுறுத்திய, நேர்ந்துவிட்ட அநீதியைச் சரிசெய்யும் திருத்த நீதியே எனக்கு மிகவும் தேவையானதாகத் தோன்றுகிறது. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, வேலையோடு லயத்து வீட்டையும் இழக்கும் குடும்பத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன என்று குறையற்ற சமூகத்தை வரையும் கோட்பாட்டிடம் கேட்டால் பதில் வராது. அந்தச் சமூகத்தில் அப்படியொரு குடும்பமே இல்லை. சட்டத்தின் பதிலோ, வேலைநீக்க ஈட்டுத்தொகை பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 முதல் 20 நாள் சம்பளம். காட்டை அழித்து அந்நிலத்தைத் தோட்டமாக்கிய பாட்டன்மாரின் உழைப்பு இந்தக் கணக்கில் ஒரு வரவாகக்கூட எழுதப்படுவதில்லை.