ஒரே வெயில், இரண்டு எண்ணெய்கள்

செக்கில் புதிதாக ஆட்டி வந்த தேங்காய் எண்ணெயை எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அன்றே புழங்க விட மாட்டார். அகன்ற எவர்சில்வர் போசியில் ஊற்றி, வாயை வெள்ளை வேட்டித் துணியால் வேடு கட்டி, மூன்று நாள் வாசல் வெயிலில் வைத்திருப்பார். முதல் நாள் கலங்கலாக இருக்கும் எண்ணெய், மூன்றாம் நாள் மாலையில் போசியின் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்துவிடும். படிந்த கசண்டு கலங்காமல் மேலாக வடித்து எடுத்த அந்த எண்ணெய், அடுத்த முறை ஆட்டும் வரைக்கும் வாடை மாறாமல் இருந்ததை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் சென்ற ஆண்டு ஒரு தவறு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். பச்சையும் பொன்னும் கலந்த அதன் நிறம் கண்ணுக்கு அழகாக இருந்ததால், வெள்ளைக் கண்ணாடி பாட்டிலோடு அடுப்பை ஒட்டிய கிழக்கு ஜன்னல் திண்டில் வைத்தேன். எண்ணெய்க்கு வெயில் நல்லது என்பதுதானே வீட்டில் கற்ற பாடம்! இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பச்சை வெளுத்திருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தால், மூட்டையின் அடியில் கிடந்த பழைய நிலக்கடலையை மென்றது போன்ற காறல். அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று. ஒன்றைக் காத்த வெயில் இன்னொன்றை ஏன் கெடுத்தது என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் எளிதாகப் பற்றிக்கொள்ள இடமில்லை. அதன் உண்மையான பகை தண்ணீர். ஈரம் இருந்தால், நொதிகளும் பூஞ்சையும் சேர்ந்து கொழுப்பைப் பிளந்து லாரிக் அமிலம் முதலியவற்றைத் தனியே பிரித்துவிடுகின்றன. சோப்பு போன்ற அந்தச் சிக்கு வாடை அப்படித்தான் வருகிறது. அம்மிச்சியின் வெயில் எண்ணெயை இளக்கி, ஈரத்தையும் சக்கைத் துகளையும் பிரித்து அடியில் இறக்கியது. ஆலிவ் எண்ணெயின் கதை வேறு. அதில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம் என்னும் நிறைவுறாத கொழுப்பு. கூடவே பழத்திலிருந்து வந்த பச்சையம். இருட்டில் தீங்கு செய்யாத அந்தப் பச்சையம், வெளிச்சம் பட்டவுடன் ஒளியின் ஆற்றலை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுத்து, அதைக் கொழுப்பின் மேல் ஏவிவிடுகிறது. ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று பெயர் பெற வேண்டுமானால் பிரிந்த அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரையறை. அந்தத் தகுதியோடு பாட்டிலுக்குள் போன எண்ணெயை ஒரு ஜன்னல் கெடுத்துவிட முடியும். நல்ல ஆலிவ் எண்ணெய் கருநிற பாட்டிலிலோ தகர டின்னிலோ வருவதற்கு இதுவே காரணம்.

தேங்காய் எண்ணெயின் ஆயுளோ பாட்டிலுக்கு வருமுன்பே, தேங்காயைக் காய வைக்கும் களத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் சாலையோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பருப்பு காய்வதைப் பார்க்காமல் யாரும் கடந்து போக முடியாது. பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆறு, ஏழு சதவீதத்துக்கு இறக்கினால்தான் பருப்பு பூஞ்சை பிடிக்காமல் நிற்கும். “பருப்பு ஒடியோணும் கண்ணு, வளையக் கூடாது” என்பார் அம்மிச்சி. இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கினால் மடக்கென்று ஒடிய வேண்டும். ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்து, உள்பக்கம் பச்சையும் கருப்புமாகப் பூத்த பருப்பை ஆட்டினால், எந்த பாட்டிலில் அடைத்தாலும் அது தேறாது. கெட்ட பருப்பை ‘எண்ணெய்க்குத்தானே’ என்று கழிக்காமல் சேர்ப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். பூஞ்சை நஞ்சு, வடிகட்டாத செக்கு எண்ணெயோடு நம் தட்டுக்கே வந்துவிடும்.

பாமாயில் எடுக்கும் எண்ணெய்ப்பனைப் பழத்தில் இந்த அவசரம் இன்னும் கூடுதல். சதையில் ஈரமும் நொதியும் மிகுதி என்பதால், குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேக வைத்து நொதியை அடக்கப் பார்க்கிறார்கள்.

இனி வீட்டுக்குள் நடப்பது. நம்மில் பலர் டின்னில் கால்பங்கு மீதமிருக்கும்போதே அதன் மேல் புது எண்ணெயை ஊற்றிவிடுகிறோம். பாலுக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை அது. பழைய எண்ணெயில் ஆக்சிஜன் பற்றி ஏற்கெனவே உருவான பெராக்சைடுகள் என்னும் சேர்மங்கள் புது எண்ணெயிலும் சிதைவைத் தொடங்கி வைக்கின்றன. டின்னைக் காலி செய்து, சோப்பால் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காய வைத்த பிறகே ஊற்ற வேண்டும். செம்பும் பித்தளையும் துருப்பிடித்த இரும்பும் சிதைவை முடுக்கிவிடும். எவர்சில்வரும் கண்ணாடியும் நல்லவை. ஐந்து லிட்டர் கேன் பாதியாகும்போது உள்ளே பாதி காற்று நிற்கிறது என்பதால், நான் வாங்கியவுடன் அரை லிட்டர் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி வைத்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்கிறேன். ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தாண்டும் கோடையில், தகரக் கூரைக்குக் கீழே பரணில் எண்ணெயை ஏற்றாதீர்கள்; தரையோடு ஒட்டிய அலமாரியே குளிர்ச்சியான இடம்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, கலப்படமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு. அதை உருக்க பாட்டிலை அடுப்பருகே நாள் முழுக்க வைப்பதும், ஈரக் கரண்டியால் சுரண்டுவதும்தான் கெடுதல். அன்றைக்குத் தேவையானதை உலர்ந்த கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை ஐந்து நிமிடம் இறக்கி வைத்தால் போதும்.