தாழிகளை எடுக்காமல் காப்பது

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையை ஒட்டி, தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர் மேடு. ஊர்க்காரர்களுக்கு அது பரம்பு. சரளையும் பாறையுமான, உழவுக்கு ஆகாத நிலம். இறந்தவர்களுக்கு நல்ல வயலைச் செலவழிக்காமல் பரம்பில் பாறையை வெட்டிக் குழியாக்கி, அவர்களை வைத்த பெரிய மண்பானையான தாழியை இறக்கியிருக்கிறார்கள். அங்கே தாழிகளைப் பதப்படுத்தும் வேலையில் இருந்தபோது அந்தக் கணக்கை நினைத்து அடிக்கடி வியந்திருக்கிறேன்.

1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. 2021இல் தொடங்கிய அகழாய்வில்தான் வேறு வழி பிறந்தது: குழியை மூடாமல், தாழிகளைப் பெயர்க்காமல், மேலே கண்ணாடி போட்டு அப்படியே மக்களுக்குக் காட்டுவது. 2023 ஆகஸ்டில் திறந்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். தாழியை எடுத்து வந்து ஒரு அறையில் வைத்தால் ஈரத்தையும் வெளிச்சத்தையும் நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம். இடத்திலேயே விட்டால் மண் நம் பேச்சைக் கேட்காது. கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அது தாழியின் சுவர் வழியாக வெளியே வந்து காயும்போது கூடவே வந்த உப்பு மேற்பரப்பில் படிகமாகித் தாழியின் மேல்தோலை உரித்துவிடும். காகிதக் கூழை நல்ல தண்ணீரில் நனைத்து அப்பி, காயவிட்டு, உப்போடு சேர்த்து உரித்தெடுப்போம். அப்புறம் மறுபடியும் அப்புவோம். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை.

இன்னொன்று, உள்ளே இருக்கும் மண். பெரும்பாலான தாழிகள் மேல்மண்ணின் பாரத்தில் எப்போதோ விரிசல் விட்டவை. உள்ளே நிறைந்திருக்கும் மண்தான் அவற்றைத் தாங்கி நிற்கிறது. எலும்பும் சிறு கலங்களும் தெரிய வேண்டும் என்று முழுவதையும் வழித்தெடுத்தால் சுவர் உள்ளே சரியும். எனவே கொஞ்சம் காட்டி, மிச்சத்தை விட்டுவைக்க வேண்டும். உடைந்த வாய்க்குப் புது மண்ணால் விளிம்பு கட்டி முழுசாக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. விரிசல் தெரியட்டும். அதுவும் அந்தத் தாழியின் வரலாறுதான்.

கண்ணாடி போட்ட பிறகு வேறு சிக்கல். காற்றுப் போக வழி வைக்காவிட்டால் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். விளக்கு வெளிச்சம் சேர்ந்தால் பாசி பிடிக்கும். பார்வையாளர் இல்லாத நேரத்தில் விளக்கை அணைப்பது சின்ன விஷயம், ஆனால் மருந்து அடிப்பதைவிட அது நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகாலைப் பார்த்துவிட வேண்டும்.

மக்கள் வரத் தொடங்கியபோது வேலையின் இன்னொரு பாதி தொடங்கியது. அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "வயசானவங்கள உயிரோட உள்ள வச்சிட்டாங்களாமே?" என்பதுதான். அந்தக் கதை நம்மூர்களில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இறந்த உடலை வைத்ததும் உண்டு, எலும்பைப் பின்னர் சேர்த்தெடுத்து வைத்ததும் உண்டு, இது ஈமச்சடங்கு என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வேன். ரீயின் காலத்திலேயே நெல் உமியும் தினை வகைகளும் இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பொருள்களும் மெல்லிய பொன் நெற்றிப் பட்டங்களும் இங்கே கிடைத்தன. வழியனுப்ப இவ்வளவு சேர்த்து வைத்தவர்களைக் கொடியவர்கள் என்று நினைத்துக்கொண்டு ஒருவரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்த பாட்டிமார்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அது காட்சிப்பொருளே அல்ல.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. தாழி இங்கே இருக்கிறது. அதே மேட்டிலிருந்து போன வெண்கலமும் பொன்னும் எழும்பூரிலும் பெர்லினிலும் இருக்கின்றன. பரம்பிலேயே ஈரமும் வெப்பமும் சீராக இருக்கிற, காவலோடு கூடிய ஒரு கூடத்தைக் கட்டி, முதலில் எழும்பூரில் இருப்பவற்றையாவது இங்கே கொண்டுவர வேண்டும். பெர்லினிடம் கேட்பதற்கும் அப்போதுதான் நமக்கு வாய் வரும்.