உப்புக்காற்றில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஒர்க்‌ஷாப்?

நம்ம ஊரில் சொந்தக் காருக்கு வருஷா வருஷம் பாதுகாப்புச் சோதனை என்று எதுவும் சட்டத்தில் கிடையாது. புதுசாகப் பதிவு செய்தால் 15 வருஷம், அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி என்கிற தகுதிச் சான்று, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை கேட்பது புகைச் சான்றிதழ் மட்டும். அதில் சைலன்சருக்குள் குழாயை விட்டு அளந்து பேப்பரைக் கொடுத்துவிடுவார்கள், பிரேக்கையோ டயரையோ யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. துபாயில் இருக்கிற என் மச்சானுக்கு அப்படி முடியாது, வண்டிக்கு மூன்று வருஷம் தாண்டிவிட்டால் ஒவ்வொரு வருஷமும் பாசிங் என்கிற சோதனைக்குப் போய் ஜெயித்தால்தான் முல்கியா என்கிற பதிவு அட்டையைப் புதுப்பிக்க முடியும். இங்கிலாந்தில் எம்ஓடி என்று இதே மாதிரி, அதுவும் மூன்று வருஷத்துக்கப்புறம் வருஷா வருஷம்.

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் என்று கடலை ஒட்டியே வண்டி ஓட்டுகிற நாம் சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்துகொள்ள வேண்டும், அதிலும் வேகமாகப் போகிற வண்டி வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். புது பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அதே காற்றில் நிற்கிற நம் வண்டியின் அடிப்பாகம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் சென்னையில் வாங்கிய ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை. இதன் பாடியில் 69 சதவீதம் அலுமினியம், மீதி 31 சதவீதம் இரும்பு. முன்பக்கம் இன்ஜின் பாரம் அதிகம் என்பதால் எடையைச் சமப்படுத்த இரும்பைப் பின்பக்கத் தளத்திலும் கதவுகளிலும் டிக்கி மூடியிலும் வைத்தார்கள். நல்ல யோசனைதான், வளைவில் வண்டி நிற்கிற விதத்தில் அது தெரியும். ஆனால் அலுமினியமும் இரும்பும் சேர்கிற இடத்தில் பூச்சு கொஞ்சம் உரிந்து உப்பு ஈரம் உள்ளே போய்விட்டால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். அது சிவப்பாகத் துருப்பிடிக்காது, பெயின்டுக்கு அடியில் வெள்ளையாக மாவு மாதிரி பொரிந்து கிளம்பும். இரும்புத் துருவை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ அழுக்கு என்றுதான் தோன்றும், துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால்தான் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு யோசிக்கிறேன். கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் ராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போனால் கம்ப்யூட்டரை மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படித்துச் சொல்வார்கள், அது தேவைதான், ஆனால் துருவுக்கு எந்தக் குறியீடும் வராது. யாராவது வண்டிக்கு அடியில் நின்று லைட் அடித்துப் பார்த்தால்தான் உண்டு.

நான் முதலில் கேட்கிற கேள்வி, வண்டியை எங்கே பிடித்துத் தூக்குவீர்கள் என்பது. தாழ்வான வண்டி, ரேம்ப்பில் ஏற்றும்போதே முன் பம்பர் உரசும், பலகை போட்டு ஏற்ற வேண்டும். ஜாக் வைக்க நான்கு இடங்கள் குறித்திருக்கிறார்கள், அதை விட்டு வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கி, பூச்சு உரிந்து, மேலே சொன்ன அரிப்புக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஒர்க்‌ஷாப்பில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் டிராலி ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து கதவுக்குக் கீழே நடுவில் வைக்கப் போனான். நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சக்கர போல்ட்டும் அப்படித்தான், 120 நியூட்டன் மீட்டர் என்று கணக்கு இருக்கிறது, முறுக்கை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஏர் கன்னால் அடித்து முறுக்குகிற இடத்தில் நான் சக்கரத்தைக் கழற்ற விடமாட்டேன்.

இரண்டாவது கேள்வி எல்லோருக்கும் விசித்திரமாகப் படும். எந்தத் தண்ணியில் வாட்டர் வாஷ் அடிக்கிறீர்கள்? நம்ம பக்கம் முக்கால்வாசி போர்த்தண்ணி உப்பு. அதை பிரஷரில் அடிப்பாகம் முழுக்க அடித்தால், காற்றில் வந்து ஒட்டுகிற உப்பு போதாதென்று நாமே காசு கொடுத்து உள்ளே ஏற்றுகிறோம். நல்ல தண்ணி லாரி வாங்கி ஊற்றுகிற இடமாகப் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே குடிதண்ணியில் கழுவிவிட்டு எடுத்துப் போங்கள்.

இப்போது நான் போவது மண்டபம் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அங்கே வருவதில் பாதி மீன் வண்டிகள், ஐஸ் உருகி உப்போடு வழிந்து சேஸிஸ் முழுக்க ஊறிய வண்டிகள், நடுநடுவே விசைப்படகு இன்ஜின் வேலையும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு இங்கேயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்தக் கரையில் இரும்பு எந்த இடத்தில் முதலில் சாகும் என்று அந்த மெக்கானிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் என் பதில். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். பிரேக் பைப் போகிற வழியில் ஒவ்வொரு கிளிப்பையும் தூக்கிப் பார்ப்பார், பைப்பின் வெளிப்பக்கம் பளபளப்பாக இருந்தாலும் கிளிப்புக்கு அடியில்தான் ஈரம் நின்று அரிக்கும். போன தடவை, “பாய், இங்க கையை வச்சுப் பாருங்க” என்று முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைக் காட்டினார். அது உட்காருகிற தட்டில் மணல் அரை விரல் உயரத்துக்கு நிரம்பியிருந்தது, ஈர மணல், தனுஷ்கோடி ரோட்டில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வாரி இறைக்கிற அதே மணல். அதைத் தோண்டி எடுத்ததும் ஸ்பிரிங்கின் பூச்சு செதிலாகக் கழன்று வந்தது.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்குக் குறைந்தபட்ச வரம்பே 155 டிகிரிதான், ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. வேகத்திலிருந்து அடுத்தடுத்து அழுத்திப் பிடிக்கிற வண்டியில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டு வருஷம் ஆனால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

டயரில் 1.6 மில்லிமீட்டர் பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர் மேடு) இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆனால் இந்த மாதிரி வண்டிகள் அதிகம் ஓடுவதில்லை, பட்டன் தேய்வதற்கு முன்னால் ரப்பர் வெயிலில் காய்ந்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். அதைக் கேட்காமலே படித்துச் சொல்கிறவர் நல்ல மெக்கானிக்.

இன்னொன்று, சோதிக்கிற இடமும் ரிப்பேர் செய்கிற இடமும் வேறாக இருந்தால் நல்லது. எஃப்சிக்கு வந்திருக்கிற தானியங்கிச் சோதனை நிலையங்களை நடத்துகிறவர்கள் ரிப்பேர் தொழிலோ உதிரிபாக வியாபாரமோ செய்யக் கூடாது என்று 2021-இல் வந்த விதியே சொல்கிறது. இங்கிலாந்தில் நகராட்சிகள் நடத்துகிற எம்ஓடி நிலையங்களிலும் ரிப்பேர் கிடையாது. தனக்கு வேலை வர வேண்டும் என்பதற்காகக் குறை சொல்ல வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். மண்டபத்தில் பார்க்கிறதற்கு மட்டும் கூலி, பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன், பெரிய ரிப்பேர் மதுரையில்.

கச்சான் முடிந்து மழை தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் இதைச் செய்வது தோதாக இருக்கிறது. முன் ஸ்பிரிங்கை ஒன்று மட்டும் மாற்றக் கூடாது என்பதால் ஜோடியாக மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாட்டி வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ராமநாதபுரத்திலேயே தாழ்வான வண்டிக்கு அலைன்மென்ட் ஒழுங்காகப் பார்க்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.