ஞாயிறுதோறும் ஒரு கேள்வித்தாள்

2020 மார்ச் கடைசியில், கொரோனாவால், நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஓட்டலில் விருந்தினர் வரத்து நின்றது, அடுத்து ஓட்டலையே பூட்டினார்கள். வேலை போகவில்லை, சம்பளம் மட்டும்தான் நிற்கிறது என்று மேலாளர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் அமெரிக்காவெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அதற்கு முந்தைய உச்சம் 1982இல் பதிவானது. ஏழு லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

விண்ணப்பிக்கலாமா என்பதே எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பெரிய விவாதம். "வேண்டாம்மா, அரசாங்கப் பணம் வாங்கினால் நாளைக்குச் சிட்டிசன்ஷிப் மனுவில் கேட்பான்" என்றார் சங்கத்து அண்ணன் ஒருவர். அவர் குழப்பிக்கொண்டது, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்புடன். எந்தெந்த அரசு உதவியை வாங்கினால் கிரீன் கார்டு மனுவுக்குப் பாதகம் என்று, அந்தப் பிப்ரவரியில் அமலுக்கு வந்த குடியேற்ற விதி போட்ட பட்டியலில் ஃபுட் ஸ்டாம்ப் இருந்தது உண்மை. வேலையிழப்புக் காப்பீடு அதில் இல்லை. இதற்கான பணத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி நம் பெயரில் வரியாகக் கட்டிவருகிறார். 1930களின் பெருமந்தத்தில் நாலில் ஒருவருக்கு வேலையில்லாமல் போன பிறகு, 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் கொண்டுவந்த ஏற்பாடு இது. முதல் செக்கை வாங்கியவர் விஸ்கான்சினின் மேடிசன் நகரத்து நீல்ஸ் ரூட். 1936 ஆகஸ்டில், 15 டாலர். அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

விண்ணப்பம் நிரப்புவது எளிது, தளம் திறந்தால். பகலில் திறக்காது, பின்னிரவில்தான் வழிவிடும். எங்கள் மாநிலத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். அரசின் பழைய கணினிகளைக் கவனிக்க, கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று நியூஜெர்சி ஆளுநர் வெளிப்படையாகவே கேட்டார். 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய ஆள் தேடிய ஒய்டூகே காலத்தில் அந்த மொழியைப் படித்துவிட்டு விமானம் ஏறிய நம்மவர்கள் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் சிரித்தபடி சுற்றவிட்டார்கள்.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஒரு படி கூடுதல். குடியேற்றப் பதிவேட்டோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை விண்ணப்பம் 'நிலுவையில்' என்றே நிற்கும். தொலைபேசியில் அழைத்தால், அழைப்புகள் மிகுதி என்று சொல்லித் துண்டித்துவிடும். கடைசியில் தபாலில் ஒரு கடிதம் வந்தது: அட்டையின் இரு பக்க நகலையும் ஃபேக்ஸில் அனுப்ப வேண்டுமாம். ஊரடங்கில் ஃபேக்ஸுக்கு எங்கே போவது? நாங்கள் வழக்கமாக அரிசி வாங்கும் கடையின் பின்னறையில், பொன்னி மூட்டைகளுக்கு நடுவே ஒன்று இருந்தது. கடைக்காரர் தூசி தட்டி, காகிதம் சிக்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு அனுப்பித் தந்தார். 'சென்றது' என்று அது துப்பிய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு ஒருமுறை, நகல் வரவேயில்லை என்றார்கள். தேதியும் நேரமும் போட்ட அந்தச் சீட்டுதான் காப்பாற்றியது.

பணம் வரத் தொடங்கினாலும் வேலை முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் சென்ற வாரத்துக்குச் சான்றளிக்க வேண்டும். வேலை செய்ய இயலும் நிலையில், தயாராக இருந்தீர்களா? யாராவது தந்த வேலையை மறுத்தீர்களா? ஏதாவது சம்பாதித்தீர்களா? முதல் கேள்விதான் பொறி. வீட்டை விட்டு வெளியே வராதே என்று ஆளுநர் உத்தரவு போட்டிருக்கையில் 'இல்லை' என்றுதான் கை போகும். அப்படிப் பதில் சொன்னால் அந்த வாரத்துப் பணம் நிற்கும். உடம்பு நன்றாக இருந்து, கூப்பிட்டால் போவீர்கள் என்றால் விடை 'ஆம்'. சம்பாத்தியத்தைப் பொறுத்தவரை, கணக்கில் சேர வேண்டியது வேலை செய்த வாரம். காசு கைக்கு வந்த வாரம் அல்ல. ஓட்டல் இடையில் இரண்டு நாள் கணக்கு முடிக்க அழைத்தபோது அப்படித்தான் எழுதினேன்.

மாநிலம் தந்தது பழைய சம்பளத்தில் பாதியைவிடக் குறைவு. அதற்கு மேல் மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டப்படி, வாரம் 600 டாலரை மத்திய அரசு சேர்த்தது. எல்லாருக்கும் ஒரே 600 ஏன்? அவரவர் சம்பளத்துக்கு ஏற்றபடி கணக்கிட அந்தப் பழைய கணினிகளால் ஆகாது என்பதால்தான். எங்கள் ஓட்டலில் அறை துடைத்த பெண்களுக்கு வேலை செய்த நாள்களைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. சோம்பேறியாக்குகிறார்கள் என்று தொலைக்காட்சியில் புலம்பினார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு நாள் ஓட்டல் அறை துடைத்துப் பார்த்திருந்தால் தேவலை. ஜூலை இறுதியில் அந்த 600 டாலர் நின்றது. பிறகு வந்த 300 டாலர் சில வாரங்களிலேயே தீர்ந்தது.

மத்திய அரசு தலைக்கு 1,200 டாலர் தந்த உதவித்தொகை தனி. எங்களுக்கு அது செக்காக வராமல், பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் வெற்று உறையில் டெபிட் கார்டாக வந்தது. விளம்பரத் தபால் என்று கிழித்துப் போட்டவர்கள் நாடெங்கும் உண்டு. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்த எதிர்வீட்டுத் தம்பிக்கோ ஒரு காசும் வரவில்லை. அவர் மனைவிக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண் இல்லை. இருவரும் சேர்ந்து வரிக்கணக்குக் கொடுத்த ஒரே காரணத்துக்காக, வரி கட்டிய அவருடைய பங்கும் போயிற்று. டிசம்பரில் வந்த சட்டம் அதைத் திருத்தியது. அவருடைய பங்கையும் மகளுக்கான 500 டாலரையும் 2020 வரிக்கணக்கில் கேட்டு வாங்கினார்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலையிழப்புப் பணத்துக்கும் வருமான வரி உண்டு. விண்ணப்பத்திலேயே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். 2021 மார்ச்சில் வந்த சட்டம், ஒன்றரை லட்சம் டாலருக்குக் குறைவான வருமானக்காரர்களுக்கு 2020இல் வாங்கிய அந்தப் பணத்தில் 10,200 டாலர்வரை வரியில்லை என்றது. அதற்குள் நாங்கள் கணக்கைக் கொடுத்துவிட்டிருந்தோம். திருத்தக் கணக்கு கொடுக்கத் தேவையின்றி, கூடுதலாகக் கட்டியதை வருமான வரித்துறை தானாகவே அந்த ஆண்டு வங்கிக்கு அனுப்பிவைத்தது.