எட்டடிக் குழலும் எங்கள் கீபோர்டும்

எங்கள் கோயில் கீபோர்டில் 'பைப் ஆர்கன்' என்ற பெயரில் ஓர் ஒலி இருக்கிறது. விசையை அழுத்தினால் குழல்களில் காற்றுப் புகுந்து ஒலிக்குமே, அந்தக் குழாய் ஆர்கனின் நகல். சில ஆண்டுகளுக்கு முன் உயிர்ப்புப் பெருவிழாவில் அதைப் போட்டு வாசித்தேன். இரண்டு வயலின், ஒரு செல்லோ, நான். பூசை முடிந்ததும் செல்லோ வாசிக்கும் சார் வில்லைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், இன்றைக்கு என் செல்லோ எனக்கே கேட்கவில்லை" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அந்தச் சொல் இரவெல்லாம் என்னை உறுத்தியது.

மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட், தோட்டங்கள் சூழ்ந்த ஊர். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் கோயில் வாசலைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகின்றன. குழாய் ஆர்கன் எதையும் பார்க்காமலே வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தது தோட்டத்துச் சிற்றாலயத்தின் கை ஆர்மோனியம். அதன் துருத்தியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருப்பார் உபதேசியார். "பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நீயும் வாங்கம்மா" என்பார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஒலியில் என்ன தவறு என்று தேடத் தொடங்கினேன். ஆர்கன் கட்டுகிறவர்கள் குழல் வரிசைகளை அடிக்கணக்கில் சொல்வார்கள். எட்டடி வரிசை என்றால், ஆகக் கீழ் விசைக்குரிய திறந்த குழல் ஏறத்தாழ எட்டடி நீளம் இருக்கும்; எழுதிய சுரம் எழுதிய உயரத்திலேயே ஒலிக்கும். நாலடி ஒரு ஸ்தாயி மேலே, இரண்டடி இரண்டு ஸ்தாயி மேலே, பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே. இத்தனையையும் சேர்த்துத் திறந்த முழு ஆர்கனைத்தான் அந்த ஒரே பொத்தானுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஒரு விரலை வைத்தாலே ஒரு கூட்டம் பாடும். பெரிய தேவாலயத்தில் நூற்றுக்கணக்கானோர் எழுந்து நின்று பாடும்போது அது வேண்டும். இரண்டு வயலினுக்குப் பக்கத்தில் அதைத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய தவறு! அதே கீபோர்டில் 'ஆர்கன்' என்று மட்டும் எழுதிய மற்ற ஒலிகளோ பெரும்பாலும் 1935இல் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கனின் நகல்கள். சுழலும் ஸ்பீக்கரின் நடுக்கம் அவற்றோடு கூடவே வரும். அந்த நடுக்கம் வயலினின் அசைவோடு மோதிக் குழப்புகிறது.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில், 1998இல் திறந்த டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் கட்டிய ஆர்கன் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். முழக்கத்துக்காகக் காத்திருந்த என்னைக் கலங்க வைத்தது ஒற்றைப் புல்லாங்குழல் வரிசைதான். ஒவ்வொரு சுரமும் பிறக்கும்போது குழலின் உதட்டில் 'ஃப்' என்று ஒரு சிறு காற்று. பிறகு ஏறாமல் இறங்காமல் ஒரே நேராக நின்ற நாதம். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் நினைவுக்கு வந்தார்.

திரும்பி வந்து எட்டடிப் புல்லாங்குழலுக்கு நெருக்கமான ஒலியை எடுத்தேன். அதன் மேல் நாலடியாக இன்னொன்றை மிக மெல்லியதாக வைத்தேன். அவ்வளவுதான். பதினாறடியை விட்டுவிட்டேன். அதன் ஆகக் கீழ்ச் சுரம் நொடிக்கு ஏறத்தாழ 33 அதிர்வு. எங்கள் சிறிய ஸ்பீக்கரில் அது வெறும் உறுமலாகத்தான் வரும். அடிச்சுரத்துக்குச் செல்லோ இருக்கும்போது அந்த உறுமல் எதற்கு? அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதியையும் அணைத்தேன், ஏனென்றால் குழாய் ஆர்கனில் ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். ஒலியை நீட்டும் பெடலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சுரங்களைக் கோப்பது முழுவதும் விரல்களின் வேலையாயிற்று: ஒரே விசையில் விரல் மாற்றிப் பிடிப்பது, அதைவிட முக்கியமாக, எப்போது விடுவது என்பது. ஆர்கனில் தாளத்தைச் சொல்வது விரல் எழும் கணம். உபதேசியார் சொன்ன மூச்சு அதுதான்.

எதிரொலி விளைவில்தான் நான் மிக நாள் ஏமாந்தேன். ஐரோப்பியக் கல் ஆலயம் போல ஒலிக்கட்டும் என்று நிறையச் சேர்ப்பேன். எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை, பலகை உட்கூரை. ஒலி அங்கே நீளுவதில்லை. கீபோர்டுக்கு மட்டும் எதிரொலி போட்டால் நான் ஒரு கட்டடத்திலும் வயலின்கள் வேறொரு கட்டடத்திலும் இருப்பது போல் ஆகிவிடுகிறது. இப்போது மிகக் கொஞ்சம்தான். ஸ்பீக்கரைப் பாடற்குழுவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். சுவரில் பட்டு வரும் ஒலி எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் பரவுகிறது.

நாங்கள் வாசிப்பது மொஸார்ட்டின் கோயில் சொனாட்டாக்கள். சால்ஸ்பர்க்கில் 1772 முதல் 1780 வரையான ஆண்டுகளில் 17 எழுதினார்; திருமுகத்துக்கும் நற்செய்திக்கும் இடையில் வாசிக்கச் சில நிமிடத் துண்டுகள். பேராயரின் பூசை முக்கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மொஸார்ட்டே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பத்து மணிக்கு அடுத்த சிற்றாலயத்துக்கு ஓட வேண்டிய எங்கள் பங்குத்தந்தைக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் காணிக்கை நேரத்தில் வாசிக்கிறோம். பெரும்பாலானவற்றில் ஆர்கனுக்குத் தனி மேடை கிடையாது. செல்லோவின் வரியை இடது கையில் பிடித்து, மேலே சுரக்கூட்டுகளை நிரப்ப வேண்டும்.

எவ்வளவு நிரப்புவது என்பதைக் கற்றுத் தந்தது முதல் வயலின் வாசிக்கும் பெண். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுப் பிள்ளை, கர்நாடக சங்கீதம் படித்தவள். டி மேஜர் சொனாட்டாவின் முடிவில் அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "டீச்சர், உங்கள் காந்தாரம் தூக்கலாக இருக்கிறது" என்றாள். உண்மைதான். பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த கீபோர்டில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். அன்று முதல் முடிவுச் சுரக்கூட்டில் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் என்னுடையவை. காந்தாரம் அவளுடையது. அவள் அதை வைக்கும்போது என் கீபோர்டே சுருதி சேர்ந்தது போல் ஒலிக்கிறது. குழாய் ஆர்கனுக்கு மிக அருகில் நாங்கள் போகும் கணம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு, மொஸார்ட் படைப்புகளின் பட்டியலில் கே. 336 என்ற எண் கொண்டது. ஆர்கனுக்குத் தனிப் பகுதி உள்ள சொனாட்டா அது. வலது கை ஓட்டங்களில் என் விரல்கள் இன்னும் தாமதமாக எழுகின்றன. அதனால் இரவில் மின்சாரம் போடாமலே பயிற்சி செய்கிறேன். விசைகள் மேலே வந்து முட்டும் 'டக் டக்' சத்தம் மட்டும் கேட்கிறது. அது இன்னும் சீராக விழவில்லை.